கூரை ஜன்னல் ஒழுகினால் மழையை மட்டும் திட்டாதீர்கள்

ஜெர்மனியில் எங்கள் மாடி அறைக்கு அது முதல் குளிர்காலம். ஜனவரியில் கூரை ஜன்னல் ஓரமாகத் தண்ணீர் சொட்டியது. அந்த வாரம் மழையும் இல்லை, பனியும் விழவில்லை. உள்பக்கப் பலகையைக் கழற்றினால், நிலையைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி வெறுமனே கிடக்கிறது! வீட்டுக் காற்று அதில் புகுந்து, வியர்த்துச் சொட்டியிருக்கிறது. 20 டிகிரியில், 50 சதவீத ஈரப்பதத்தில் இருக்கும் காற்று சுமார் 9 டிகிரிக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் அதிலுள்ள ஈரம் நீராகிவிடும். ஐஸ் தண்ணீர் சொம்பு வியர்க்கிறதே, அதே கதைதான். அந்த ஜன்னலைக் கழற்றி நானே மறுபடி மாட்டினேன். நீங்களும் மாட்டுவதென்றால் வரிசை இதுதான்.

முதலில் அளவு. கூரையைத் தாங்கும் சாய்வு மரங்களான கைமரங்கள் இரண்டுக்கு நடுவே அடங்கும் ஜன்னலாக வாங்குங்கள். கைமரத்தை அறுக்க வேண்டும் என்றால் பொறியாளரைக் கேட்காமல் ரம்பத்தைத் தொடாதீர்கள்.

அடுத்து நிலை. கதவைக் கழற்றி வைத்துவிட்டு நிலையை மட்டும் பொருத்துங்கள். கீழ்ச்சட்டத்தை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். மூலைவிட்டம் இரண்டும் ஒரே அளவா என்று டேப்பில் பிடியுங்கள். திருகுகளை முழுக்க முறுக்காமல் கதவை மாட்டி, சுற்றிலும் சந்து ஒரே சீராக இருந்தால் அப்புறம் முறுக்கலாம்.

வெளிப்பக்கம், ஓட்டுக்கு அடியில் இருக்கும் நீர்த்தடுப்புத் தாளை மடித்து நிலையோடு ஒட்டி, ஜன்னலுக்கு மேலே சின்ன வாய்க்கால் ஒன்றைச் சாய்வாக வையுங்கள். ஜன்னலைச் சுற்றி மழைநீரை வடிய வைக்கும் தகடுகள் கீழ், பக்கம், மேல் என்ற வரிசையில்தான். ஓடு வேய்வது போலவே, மேலே உள்ளது கீழே உள்ளதன் மேல் ஏறி உட்கார வேண்டும்.

இனி நிலையைச் சுற்றியுள்ள இடைவெளி. ஊதிப் பெருகும் நுரையைப் பீய்ச்சினால் நிலை வளைந்து கதவு சிக்கும் அபாயம் உண்டு. மினரல் வூல் எனும் கனிம இழைப் பஞ்சை வெட்டி நிரப்புங்கள். திணிக்க வேண்டாம், குளிரைத் தடுப்பது அதற்குள் அசையாமல் நிற்கும் காற்றுதான்.

அதன்மேல், அறைப் பக்கம், வீட்டுக் காற்றின் ஈரம் இடைவெளிக்குள் புகாமல் மறிக்கும் நீராவித் தடுப்புத் தாள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு விளிம்பை நிலையிலுள்ள பள்ளத்தில் செருகி, மறு விளிம்பைக் கூரையின் உள்பக்கத்தில் உள்ள நீராவித் தடுப்புத் தாளோடு டேப் போட்டு இணைக்க வேண்டும். தூசியைத் துடைத்துவிட்டு ஒட்டி, நன்றாகத் தேயுங்கள். ஸ்டேப்ளர் குத்திய ஓட்டைக்கும் ஒரு துண்டு டேப். நான்கு மூலைகளிலும் மடிப்பு விழும்; ஊசி நுழையும் சந்துகூட விடாதீர்கள்.

பலகை அடிக்கும் முன் ஒரு சோதனை. காற்று வீசும் நாளில் ஊதுபத்தியை ஏற்றி, ஒட்டிய இடமெல்லாம் மெதுவாகக் காட்டுங்கள். தாளில் தீ படாமல் கவனம். எனக்கு மூன்று மூலையில் புகை நேராக எழுந்தது. வலது மேல் மூலையில் மட்டும் நூல் பிடித்து இழுத்தது போலச் சாய்ந்தது. விரல் அகல டேப் ஒட்டியதும் நிமிர்ந்தது.

கடைசியாகப் பலகை. மேல் பலகை தரைக்கு இணையாக, கீழ்ப் பலகை செங்குத்தாக. அப்போதுதான் கீழே உள்ள ஹீட்டரின் சூடு கண்ணாடியைத் தடவிக்கொண்டு ஏறும்.