அடுத்தவர் புகையை எண்ணுவது எப்படி? முதல் சர்வே எடுப்பவர்களுக்கு

முதல்முறை சர்வேக்குப் போனபோது என் தாளில் இதற்கென்று இருந்தது ஒரே கேள்வி: "மற்றவர் விடும் புகையால் நீங்கள் பாதிக்கப்படுகிறீர்களா?" ஒரு அம்மா, "அதெல்லாம் ஒண்ணும் இல்லைப்பா" என்றார். அவர் கணவர் உள்ளே கட்டிலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். நானும் 'இல்லை' என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. உடம்புக்கு ஏதாவது வந்ததா என்று நான் கேட்டதாக அவர் எடுத்துக்கொண்டார், வரவில்லை என்றார். நான் கேட்டிருக்க வேண்டியது அவர் எதிரில் நடந்ததை: எந்த இடத்தில், எந்தக் காலத்துக்குள், யாராவது புகைபிடித்தார்களா?

1. கேள்வியை நீங்களே உருவாக்க வேண்டாம்

'கேட்ஸ்' எனப்படும் உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 2009-10, 2016-17 என இரண்டு முறை நடந்தது. இரண்டாவது சுற்றில் 74,037 பேரிடம் கேட்டார்கள். பல நாடுகளில் கேட்டுப் பார்த்துச் செதுக்கிய கேள்விகள் அவை. அவற்றையே எடுத்துக்கொண்டால் உங்கள் ஊர் எண்ணை நாட்டின் எண்ணோடு வைத்துப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அதில் 'வயதுவந்தோர்' என்றால் 15 வயதும் அதற்கு மேலும். நீங்கள் 18-இலிருந்து தொடங்கினால் ஒப்பீடு இடிக்கும்.

2. வீடு

கேள்வி இது: "உங்கள் வீட்டுக்குள் யாராவது எவ்வளவு அடிக்கடி புகைபிடிக்கிறார்கள்?" பதில்கள் ஐந்து: தினமும், வாரம் ஒருமுறையாவது, மாதம் ஒருமுறையாவது, மாதம் ஒருமுறைக்கும் குறைவாக, ஒருபோதும் இல்லை. முதல் மூன்றில் எதைச் சொன்னாலும் அவர் வீட்டில் புகைக்கு ஆளாகிறவர்.

சிக்கல் 'வீட்டுக்குள்' என்ற சொல்லில் இருக்கிறது. திண்ணை உள்ளேயா? மொட்டை மாடி? கூரையும் சுவரும் சூழ்ந்த இடம் மட்டுமே 'உள்ளே' என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால் திறந்த திண்ணை வெளியே. திண்ணைப் புகை ஜன்னல் வழியாக உள்ளே வரத்தான் செய்யும், மறுக்கவில்லை. அதற்குத் தனியாக ஒரு கேள்வி வையுங்கள், இதோடு கலக்காதீர்கள். 'யாராவது' என்பதில் விருந்தாளியும் அடக்கம், பதில் சொல்பவரும் அடக்கம். "வீட்டில் யாருக்காவது புகைப்பழக்கம் உண்டா?" என்று மாற்றிக் கேட்டுவிடாதீர்கள். பழக்கம் உள்ளவர் தெருமுனை டீக்கடையிலேயே முடித்துவிட்டு வரலாம்.

3. வேலையிடமும் மற்ற இடங்களும்

இங்கே வடிகட்டிக்கொண்டே போக வேண்டும். வீட்டுக்கு வெளியே வேலை செய்கிறீர்களா? ஆமாம் என்றால், கட்டடத்துக்குள்ளா, வெளியிலா, இரண்டுமா? வெளியில் மட்டும் என்பவரிடம், வேலையிடத்தில் உள்ளறை ஏதாவது உண்டா என்றும் கேளுங்கள். உள்ளிடம் இருப்பவரிடம் மட்டும்தான் முக்கியக் கேள்வி: "கடந்த 30 நாளில் நீங்கள் வேலை செய்யும் கட்டடத்துக்குள் யாராவது புகைபிடித்தார்களா?"

அரசு அலுவலகம், ஆஸ்பத்திரி, ஓட்டல், பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே முறைதான். 30 நாளில் போனீர்களா என்று முதலில் கேளுங்கள். போனவரிடம் மட்டும் புகையைப் பற்றிக் கேளுங்கள்.

4. யாரிடம் கேட்பது

கதவைத் திறப்பவரிடமே கேட்டுவிட்டு வருவது வழக்கமான தப்பு. பகல் 11 மணிக்குக் கதவைத் திறப்பவர்களில் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? வீட்டிலுள்ள வயதுவந்தவர்களின் பெயரை எழுதி, சீட்டுக் குலுக்கி ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் இல்லையென்றால் சாயங்காலம் திரும்பப் போங்கள். "அவருக்குப் பதில் நான் சொல்றேனே" என்பவரிடம் நன்றி சொல்லி நகருங்கள். முடிந்தால் தனியாக வைத்துக் கேளுங்கள். மாமனாரும் கணவரும் பக்கத்தில் நின்றால் மருமகளின் பதில் மாறும்.

எத்தனை பேர்? கிடைக்கும் எண் உண்மையிலிருந்து 5 சதவீதப் புள்ளி முன்பின் இருந்தாலும் போதும் என்றால், எளிய சூத்திரப்படி 385 பேர். தெருத் தெருவாகக் கொத்தாக எடுத்தால் ஒரே தெருக்காரர்கள் ஒரே மாதிரி இருப்பார்கள், அதனால் அதை இரட்டிப்பாக்குவது வழக்கம்: 770.

5. கணக்கு

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. 200 பேரிடம் கேட்டீர்கள். தினமும் 52, வாரம் 10, மாதம் 6. மொத்தம் 68, 200-க்கு 34 சதவீதம். வீட்டுக் கணக்கு அவ்வளவுதான்.

வேலையிடத்தில் 14 பேர் 'ஆமாம்' என்றார்கள். இதையும் 200-ஆல் வகுத்தால் 7 சதவீதம் வரும், அலுவலகங்கள் சுத்தமாக இருப்பது போலத் தோன்றும். ஆனால் உள்ளிடத்தில் வேலை செய்வோர் 50 பேர்தான். 14-ஐ 50-ஆல் வகுத்தால் 28 சதவீதம். பகுதியில், அதாவது கீழே வகுக்கும் எண்ணில், யாரை வைக்கிறோம் என்பதில் எண் நான்கு மடங்கு மாறிவிட்டது. 2016-17 கேட்ஸில் வீட்டில் 38.7 சதவீதம், வேலையிடத்தில் 30.2 சதவீதம் என்று இருக்கும். முதலாவது எல்லா வயதுவந்தோரிலும் எடுத்தது, இரண்டாவது கட்டடத்துக்குள் வேலை செய்வோரில் மட்டும். இரண்டையும் கூட்டவோ சராசரி எடுக்கவோ கூடாது.

சரி, எச்சிலில் கோட்டினின் (நிகோடின் உடம்புக்குள் போய் மாறும் பொருள்) பார்த்தால் உண்மை தெரிந்துவிடாதா என்று சிலர் கேட்பார்கள். அது கடந்த இரண்டு மூன்று நாள் நிகோடினைக் காட்டும். எந்த இடத்துப் புகை என்று சொல்லாது. வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டிக்கு, பக்கத்தில் யாரும் புகைக்காவிட்டாலும் எகிறும்.

அட்டவணையின் கீழே மூன்றை மறக்காமல் எழுதுங்கள்: பகுதியில் யார் யார், புகைபிடிப்பவர்களையும் சேர்த்தீர்களா, 'தெரியாது' என்றவர்களை என்ன செய்தீர்கள். மேலே சொன்ன 200-இல் ஐந்து பேர் 'தெரியாது' என்றிருந்தால், அவர்களை நீக்கியதும் 34 என்பது 34.9 ஆகிவிடும்.