கரகாட்ட வீடியோவுக்குக் கொச்சைத் தலைப்பு போட்டால் என்ன செய்வது

இருபத்திரண்டு வருடமாகக் கரகம் ஆடுகிறேன், மதுரைப் பக்கம். போன சித்திரையில் ஒரு கோயில் திருவிழாவில், தலையில் கரகம் அசையாமல் வளைந்து, தரையில் கிடந்த ஊசியைக் கண் இமையால் எடுத்தேன். மாதக்கணக்கில் பழகிய வித்தை அது. நெட்டில் வந்த வீடியோவில் ஊசியைக் காணோம். நான் குனிவது மட்டும் இருந்தது. அதையும் மெதுவாக ஓடவிட்டு, வாயால் சொல்லக் கூசும் தலைப்பு வைத்திருந்தார்கள்.

கோபத்தில் ஒரு தப்பு செய்தேன். தம்பியை விட்டு அந்தச் சேனல்காரனைப் போனில் மிரட்டச் சொன்னேன். அவன் உடனே அழித்துவிட்டான். மூன்றாம் நாள் அதே வீடியோ வேறு இரண்டு பெயர்களில் வந்தது. ஸ்டேஷனில் "முதல் வீடியோ எங்கேம்மா?" என்று கேட்டபோது என் கையில் ஒன்றும் இல்லை.

அதனால் எங்கள் செட்டில் புதிதாக ஆட வரும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்வது இதுதான்: திட்டாதே, லிங்கை எடு. ஷேர் பட்டனை அமுக்கி லிங்கை உன் வாட்ஸ்அப்புக்கே அனுப்பி வை. சேனலின் லிங்கையும் தனியாக எடு, பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடுவார்கள். தலைப்பு, தேதி, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதெல்லாம் தெரிய ஸ்க்ரீன்ஷாட் எடு. கீழே எழுதியிருக்கும் அசிங்கங்களையும் விடாதே. படிக்க முடியவில்லை என்றால் கூட இருக்கிறவர்களை எடுக்கச் சொல். "பாருங்க அக்கா, இப்படிப் போட்டிருக்கான்" என்று பத்து குரூப்பில் லிங்கைத் தள்ளாதே, பார்த்தவர் எண்ணிக்கைதான் கூடும்.

அப்புறம் புகார். வீடியோவுக்குக் கீழேயே ரிப்போர்ட் செய்யலாம். யூடியூபில் தனியுரிமைப் புகாருக்குத் தனிப் படிவம் இருக்கிறது, அதில் உன் முகம் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று எழுத வேண்டும். பெரிய தளங்கள் எல்லாம் இந்தியாவில் ஒரு குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும் என்பது 2021-இல் வந்த விதி. அவருக்கும் எழுது. முகத்தை வெட்டி வேறு உடம்பில் ஒட்டியிருந்தாலோ, அந்தரங்கப் படமாக இருந்தாலோ அதை முதல் வரியிலேயே சொல், அந்த மாதிரிப் புகாரில், 2026-இல் திருத்திய விதிப்படி, இரண்டு மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

போலீசுக்குப் போக, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம், ஆனால் புகார் என்ன ஆனது என்று பின்தொடர முடியாது. நான் பெயரோடுதான் கொடுத்தேன். 1930 முக்கியமாகப் பணம் பறிபோனவர்களுக்கு. நமக்கு உதவி எண் 181. நாம் ஒரு மாவட்டம், ஆடுவது ஒரு மாவட்டம். "அங்கே போங்க" என்று ஸ்டேஷனில் சொன்னால், எந்த ஸ்டேஷனிலும் எஃப்.ஐ.ஆர். பதியலாம் என்று பணிவாகச் சொல். மனு ரசீது வாங்காமல் படி இறங்காதே. ஆபாசமாக வெளியிட்டதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-ஆம் பிரிவு, முதல் முறைக்கே மூன்று வருடம் வரை சிறை.

எனக்குப் பிடித்த சட்டம் வேறு. ஒரு வக்கீல் அம்மா சொல்லித்தான் தெரியும். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் 38பி என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஆடுகிறவளும் சட்டத்தின் கண்ணில் 'நிகழ்த்துநர்'. அவள் பெயர் கெடும்படி ஆட்டத்தைத் திரித்தால் தடுக்கவும் நஷ்டஈடு கேட்கவும் அவளுக்கு உரிமை உண்டு. நீளம் கருதி வெட்டுவது குற்றமில்லை. ஊசியை எடுத்துவிட்டு இடுப்பை மட்டும் வைப்பது நீளம் கருதியா? ஆபாசம் என்று புகார் கொடுத்தால் "நீ ஏன் அப்படி ஆடினாய்" என்று நம் பக்கம் திரும்புகிறார்கள். இந்தப் பிரிவில் கேள்வி வெட்டினவனிடம் போகிறது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் அதில் இதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இதெல்லாம் நடந்த பிறகு. நடக்கும் முன்பு செய்யக்கூடியது ஒன்று உண்டு. அட்வான்ஸ் வாங்கும்போது ரசீதுக்குப் பின்னால் மூன்று வரி எழுதுகிறேன்: விழாக் குழுவைத் தவிர யாரும் வீடியோ எடுக்கக் கூடாது, கேமரா தரையில் வைக்கக் கூடாது, எங்களைக் கேட்காமல் எந்தச் சேனலுக்கும் தரக் கூடாது. ஆட்டம் தொடங்கும் முன் தவில் அண்ணன் மைக்கில் இதை ஒருமுறை சொல்லிவிடுவார். கூட்டத்தில் செல்போனை யார் தடுப்பது, சரிதான். ஆனாலும் தரையில் உட்கார்ந்து கேமராவை நிமிர்த்துகிறவனைக் குழுக்காரர்களே எழுப்பிவிடுகிறார்கள்.

ஆடி மாதக் கொடைக்குப் பேச வந்த பெரியவர் படித்துப் பார்த்துவிட்டு, "ஆட வர்றவளுக்கு இவ்வளவு சட்டமா?" என்றார். அட்வான்ஸை அவர் பக்கமே தள்ளி வைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் பேனா கேட்டார்.