இளம் கூடைப்பந்து வீரருக்கு விலை போடுவது எப்படி? புதிதாகப் பார்ப்பவர்களுக்கு

கோவையிலும் கரூரிலும் வளர்ந்தவர்களுக்குக் கூடைப்பந்து ஆட்டம் புதிதில்லை. விடியற்காலையில் எழுந்து அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ பார்க்கிற கூட்டமும் இங்கே நிறைய. ஆனால் ஆட்டம் முடிந்து டீக்கடைக்கு வந்ததும், "இருபத்திரண்டு வயசுப் பையனுக்குப் பத்துக் கோடி டாலரா? எதுக்குங்க?" என்று ஒருவர் கேட்டால், பாதிப் பேருக்குப் பதில் வராது. அந்தக் கேள்விக்கு நீங்களே கணக்குப் போட்டுப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஒரு நோட்டும் போனில் இருக்கிற கால்குலேட்டரும் போதும். புள்ளிவிவரம் எல்லாம் பாஸ்கெட்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். போன சீசன் நன்றாக ஆடியதற்காகத் தரும் பரிசு இல்லை ஒப்பந்தம். இனி வரப்போகும் நாலைந்து சீசன்களின் ஆட்டத்தை இன்றைக்கே விலை பேசி வாங்குகிறார்கள். கீழே வரும் ஒவ்வொரு படியும் இதை வைத்துத்தான்.

படி 1: வயதும் நிமிடமும்

நோட்டில் முதல் வரியில் வயதை எழுதுங்கள், பக்கத்தில் ஒரு ஆட்டத்துக்கு எத்தனை நிமிடம் ஆடுகிறான் என்று. புள்ளிகள் அப்புறம். பத்தொன்பது வயதில் 12 புள்ளி எடுப்பதும் இருபத்துநாலு வயதில் 12 புள்ளி எடுப்பதும் ஒன்றல்ல. பெரும்பாலான வீரர்கள் இருபத்தாறு, இருபத்தேழு வயதுவாக்கில்தான் உச்சத்துக்கு வருகிறார்கள். அதனால் வயது குறைவு என்றால் ஏற இன்னும் இடம் இருக்கிறது.

யானிஸ் ஆன்டெடோகும்போவைப் பாருங்கள். 2013 ட்ராஃப்டில் (புது வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 15ஆவது ஆளாக மில்வாக்கி அணி எடுத்தது. முதல் சீசன் சராசரி வெறும் 6.8 புள்ளி. அடுத்தது 12.7, அதற்கடுத்தது 16.9. அப்போது, 2016இல், நாலு வருடத்துக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். உடனே வந்த சீசனில் 22.9. 2019, 2020 இரண்டிலும் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். மூன்று வரியில் தெரிந்த ஏறுமுகத்தை மில்வாக்கி நம்பியது. அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்த விலை பிறகு மலிவாகிப் போனது.

படி 2: புள்ளி எடுக்க எத்தனை ஷாட் செலவழிக்கிறான்?

பல பேர் சறுக்குவது இங்கேதான். 20 புள்ளி என்றதும் மயங்கிவிடுகிறோம். இருபது ஷாட் போட்டு 20 எடுத்தானா, பதிமூன்று ஷாட்டிலா என்று பார்க்க வேண்டும். இதற்கு 'ட்ரூ ஷூட்டிங்' என்றொரு கணக்கு இருக்கிறது. ஃப்ரீ த்ரோ (எதிரணி தவறு செய்ததற்காக யாரும் மறிக்காமல் போடக் கிடைக்கும் ஷாட்) முயற்சிகளை 0.44ஆல் பெருக்கி, ஷாட் முயற்சிகளோடு கூட்டுங்கள். வந்ததை இரண்டால் பெருக்குங்கள். மொத்தப் புள்ளியை அதனால் வகுங்கள்.

கற்பனையாக ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். 24 நிமிடம், 14 புள்ளி, 11 ஷாட், 3 ஃப்ரீ த்ரோ. 3 × 0.44 = 1.32. அதோடு 11 சேர்த்தால் 12.32. இரட்டித்தால் 24.64. பதினாலை இதனால் வகுத்தால் 0.568, அதாவது 56.8 சதவீதம். என்பிஏ சராசரி இப்போதெல்லாம் 58ஐ ஒட்டி நிற்கிறது. ஆக இந்தப் பையன் சராசரிக்குச் சற்றுக் கீழே. இளைஞன் என்றால் பரவாயில்லை, ஆனால் பெரிய விலை கேட்கிற ஆட்டம் இன்னும் வரவில்லை.

இதே பையனை 36 நிமிடக் கணக்குக்கு மாற்றினால் 21 புள்ளி வரும். ஏஜெண்டுகளுக்குப் பிடித்த எண் இது. எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. 24 நிமிடம் மாற்று வீரர்களுக்கு எதிராக ஆடியவன், 36 நிமிடம் முதல் ஐவருக்கு எதிராக ஆடும்போதும் அதே வேகத்தில் எடுப்பான் என்று யார் சொன்னது?

படி 3: ஷாட் நிஜமா, அதிர்ஷ்டமா?

50 முறை மூன்று புள்ளி ஷாட் (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து போடுவது) போட்டு 20 விழுந்தால் 40 சதவீதம். அதில் நாலு பந்து வளையத்தில் பட்டு வெளியே போயிருந்தால் 32. நாலே பந்தில் நல்ல ஷூட்டர் சுமாரானவன் ஆகிவிடுகிறான். அதனால் சில நூறு முயற்சிகளாவது சேரும்வரை அந்தச் சதவீதத்தைப் பென்சிலில்தான் எழுத வேண்டும். அதுவரை ஃப்ரீ த்ரோவைப் பாருங்கள். கையில் நல்ல ஷாட் இருப்பவன் அங்கே காட்டிக்கொடுத்துவிடுவான். ஃப்ரீ த்ரோ 80 சதவீதத்துக்கு மேல், மூன்று புள்ளி ஷாட் 31 சதவீதம் என்று ஒருவன் இருந்தால், பின்னால் தேறுவான் என்று நான் துணிந்து சொல்வேன். இரண்டுமே மோசம் என்றால் கவலைப்படலாம்.

படி 4: யார் பக்கத்தில் ஆடுகிறான்?

எண்கள் மறைப்பது இதைத்தான், விலை தப்பாகப் போவதும் பெரும்பாலும் இதனால்தான்.

ஜேலன் பிரன்சன் 2018இல் இரண்டாம் சுற்றில் 33ஆவது ஆளாக டல்லாஸுக்கு வந்தவர். லூக்கா டோன்சிச் எப்போதும் பந்தை வைத்திருக்கும் அணி அது. பிரன்சனின் நாலாவது சீசன் சராசரி 16.3. 'நல்ல துணை ஆள்' என்று தோன்றும். ஆனால் 2022 பிளேஆஃபில் (சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் சுற்று) யூட்டாவுக்கு எதிரான முதல் மூன்று ஆட்டங்களில் டோன்சிச் காயத்தால் ஆடவில்லை. பிரன்சன் எடுத்தது 24, 41, 31. அந்தக் கோடையில் நியூயார்க் நாலு வருடத்துக்கு 10.4 கோடி டாலர் கொடுத்துக் கூட்டிப்போனது. அதிகம் என்று அன்றைக்குச் சிரித்தவர்கள் உண்டு. 2023-24 சீசனில் அவர் சராசரி 28.7.

ஜார்டன் பூல் கதை நேர்மாறு. கோல்டன் ஸ்டேட்டில் ஸ்டெஃப் கரி பக்கத்தில் ஆடி 2021-22இல் சராசரி 18.5, கோப்பையும் கிடைத்தது. அந்த அக்டோபரில் நாலு வருடத்துக்கு 14 கோடி டாலர் வரை போகும் ஒப்பந்தம். ஒரே சீசன் கழித்து வாஷிங்டனுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே எதிரணியின் கவனம் முழுக்க அவர் மேல்தான். முதல் வருடச் சராசரி 17.4க்கு இறங்கியது, ஷாட் சதவீதமும் விழுந்தது.

ஆகவே நட்சத்திர வீரர் ஆடாத ஆட்டங்களைத் தனியாகத் தேடி எடுத்துப் பாருங்கள். சீசன் சராசரி சொல்லாத விஷயம் அங்கே கிடைக்கும்.

படி 5: வீடியோ

நாலு முழு ஆட்டம் போதும், ஹைலைட்ஸ் வேண்டாம். பந்து கையில் இல்லாதபோது அவனை மட்டும் பாருங்கள். டிஃபென்ஸில் ஸ்க்ரீன் (எதிரணி ஆள் வழியில் சுவர் மாதிரி நிற்பது) வந்தால் சுற்றிக்கொண்டு துரத்துகிறானா, நின்றுவிடுகிறானா? இரண்டு பேர் மறித்தால் பாஸ் எங்கே போகிறது? அவ்வளவுதான்.

படி 6: ஒப்பந்த விதிகள்

ட்ராஃப்டின் முதல் சுற்றில் எடுக்கப்பட்டவருக்குச் சம்பளம் ஏற்கெனவே அட்டவணை போட்டு வைத்ததுதான். மொத்தம் நாலு வருடம். முதல் இரண்டு உறுதி, மூன்றாவதும் நாலாவதும் அணியின் விருப்பம்: வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாமானால் விட்டுவிடலாம். மூன்று சீசன் முடிந்த கோடையில் புது ஒப்பந்தம் பேசலாம். அடுத்த சீசன் தொடங்குவதற்கு முன் அக்டோபரில் அந்த வாய்ப்பு மூடிவிடும். பேசாமல் விட்டால், நாலாவது சீசன் முடிந்ததும் அணி ஒரு குறிப்பிட்ட தொகையை நீட்டி அவரைப் பாதிக் கட்டுப்பாட்டில் வைக்கலாம். வேறு அணி விலை சொன்னால், அதே விலையைக் கொடுத்துப் பழைய அணி அவரைத் தக்கவைத்துக்கொள்ளலாம்.

ஈரோட்டில் மஞ்சள் வைத்திருப்பவருக்கு இந்தச் சங்கடம் நன்றாகத் தெரியும்: இன்றைய விலைக்கே போட்டுவிடுவதா, இருப்பு வைப்பதா? டைரீஸ் மேக்ஸி 2023இல் காத்திருந்தார், 2024இல் ஐந்து வருடத்துக்கு 20.4 கோடி டாலர் வந்தது. ஜோனாதன் குமிங்கா காத்திருந்தது வேறு மாதிரி முடிந்தது. 2025 கோடை முழுக்க இழுபறி. செப்டம்பர் கடைசியில் இரண்டு வருடத்துக்கு 4.85 கோடி வரை என்று கையெழுத்து, அதிலும் இரண்டாவது வருடம் அணியின் விருப்பம்.

படி 7: டாலரைச் சதவீதமாக மாற்றுங்கள்

கோடிகளைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஒவ்வொரு அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. 2025-26இல் அது 15.46 கோடி டாலர். ஒருவரின் சம்பளம் அதில் எத்தனை சதவீதம் என்று பார்த்தாலே போதும். ஆறு வருடம் வரை ஆடியவருக்குப் பொதுவாக அதிகபட்சம் 25 சதவீதம், அதாவது சுமார் 3.87 கோடி. சம்பளச் செலவை ஓரளவு கட்டுக்குள் வைத்திருக்கும் அணிகள் ஒரு நல்ல ஏழாவது ஆளுக்குக் கொடுக்கிற விலை சுமார் 1.41 கோடி, கிட்டத்தட்ட 9 சதவீதம். நம் கற்பனைப் பையனை இந்த இரண்டு முனைகளுக்கு நடுவே எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

வருடத்துக்கு 2.5 கோடி என்று ஏறாமல் நாலு வருடம் கொடுத்தால், முதல் வருடம் 16.2 சதவீதம். உச்சவரம்பு வருடம் 7 சதவீதம் ஏறுவதாக வைத்தால் நாலாவது வருடம் 13.2க்கு வந்துவிடும். பையன் அப்படியே நின்றால்கூட விலை தானாகக் குறைகிறது. வளர்ந்தால் அணிக்கு லாபம். அதனால் 56.8 சதவீத ஷூட்டிங்கும், இருபத்திரண்டு வயதும், 80க்கு மேல் ஃப்ரீ த்ரோவும் இருந்தால் நான் 12 முதல் 14 சதவீதம் வரை போவேன். வயது இருபத்தைந்து என்றால் பத்தைத் தாண்ட மாட்டேன்.

படி 8: நம்மூரில் பழகிக்கொள்ளுங்கள்

கோவையில் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பையும் கரூரில் அகில இந்தியப் போட்டியும் நடக்கும்போது போய் உட்காருங்கள். புள்ளிவிவரத்தை யாரும் எடுத்துத் தர மாட்டார்கள், நீங்கள்தான் கோடு போட்டு எண்ண வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு ஒரே ஒரு இளம் வீரர்: ஷாட், விழுந்தது, ஃப்ரீ த்ரோ, டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் பறிகொடுத்தது). அதுவே கை நிறைய வேலை.

விலை மட்டும் இங்கே வேறு கணக்கு. இந்த ஊர் ஆட்டக்காரருக்குப் பெரிய ஒப்பந்தம் என்றால், பெரும்பாலும் வங்கியிலோ ரயில்வேயிலோ வருமான வரித் துறையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் வேலைதான். அதில் முட்டிக் காயம் வந்து ஆட்டம் நின்றாலும் சம்பளம் நிற்காது. ஒரு லீக்கில் ஆறு மாதம் ஆட வரும் தொகையை அதோடு ஒப்பிட, மாதச் சம்பளத்தை வேலை நீடிக்கும் வருடங்களால் பெருக்கி, ஓய்வூதியப் பலனையும் சேர்த்து எழுதுங்கள். பத்தொன்பது வயதுப் பையனின் அப்பா அம்மா முதலில் கேட்கப்போவது அந்த எண்ணைத்தான்.