நல்லூர்க் கோபுரத்தை வடிவாகப் பார்ப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் "வடிவாப் பார்" என்றால் கவனமாகப் பார் என்று அர்த்தம். வடிவு என்றால் அழகு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தெற்கு வாசலின் ஒன்பது நிலைக் கோபுரத்தை நம்மில் பலர் அண்ணாந்து ஒரு கும்பிடு, போனில் ஒரு படம், அவ்வளவோடு கடந்துவிடுகிறோம். கும்பிட அது போதும். அந்தச் சிற்பங்களைப் பார்க்க அது போதாது.

ஏன் என்று தெரிய ஒரு சின்ன வேலை. வெளிவீதி மணலில் நின்று கையை நீட்டி, பெருவிரல் நகத்தை மட்டும் பாருங்கள். கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிகிற பரப்பு ஏறக்குறைய அந்த நகத்தின் அளவுதான், பார்வைக் கோணத்தில் இரண்டு பாகை. சுற்றியுள்ளதெல்லாம் மங்கல். அந்த மங்கலை நாம் உணர்வதில்லை, ஏனென்றால் கண் நொடிக்கு மூன்று தடவை அளவில் தாவித் தாவித் துண்டு துண்டாக எடுத்து வருவதை மூளை ஒரே காட்சியாகத் தைத்துவிடுகிறது, கிடைக்காத இடத்தைத் தன் ஊகத்தால் நிரப்பியும் விடுகிறது. ஆகவே பத்து நொடி பார்த்தவர் கண்டது முப்பது நகங்கள், மிச்சம் ஊகம்.

அதனால் முதலில் நேரம் ஒதுக்குங்கள், இருபது நிமிடமாவது.

அடுத்தது வெளிச்சம். கோபுரம் முழுக்கப் பொன்னிறம் என்பதால் உருவங்களைப் பிரித்துக் காட்டுவது நிழல்தான். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் மூளை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது: மேற்பாதி வெளிச்சமாக இருக்கும் வட்டம் புடைப்பாகவும், அதையே தலைகீழாக்கினால் குழியாகவும் தெரிவதைத் தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1988இல் காட்டினார். கீழிருந்து விளக்கடித்தால் முகங்கள் அந்நியமாகத் தோன்றுவதும் இதனால்தான். மார்கழி, தை மாதக் காலைகளில் போங்கள். அப்போது சூரியன் தென்கிழக்கில் எழுவதால் தெற்கு முகத்தில் வெயில் சாய்ந்து விழும், ஒவ்வொரு விரலும் தனித்துத் தெரியும். ஆவணித் திருவிழாக் காலையில் அந்தப் பக்கம் நிழல்தான், சனமும் நிற்க விடாது.

இனித்தான் முக்கியமான விஷயம். சும்மா பார்க்காதீர்கள், ஒரு கேள்வியோடு பாருங்கள். சோவியத் ஆய்வாளர் அல்பிரெட் யார்பஸ், இலியா ரேப்பினின் ஓவியம் ஒன்றை ஒருவருக்கே பல தடவை காட்டி, ஒவ்வொரு தடவையும் வேறு கேள்வி கேட்டு, கண் போன தடத்தைப் பதிவு செய்தார். வயது என்ன என்று கேட்டால் கண் முகங்களுக்குப் போனது, குடும்பம் வசதியானதா என்று கேட்டால் உடைக்கும் தளபாடத்துக்கும் போனது. படம் ஒன்றுதான், கேள்வி மாறியதும் கண் போன பாதையே மாறிவிட்டது! அதனால் முதல் சுற்றில் கைகளை மட்டும் பாருங்கள், யார் எதைப் பிடித்திருக்கிறார், எந்தக் கை வெறுமையாக இருக்கிறது என்று. அடுத்த சுற்றில் மேல்நிலையின் பாரத்தைத் தாங்குவதுபோல் நிற்கும் உருவங்களை. பிறகு, மேலே போகப் போக உருவங்கள் எப்படிச் சிறுக்கின்றன என்று. பத்து வருடமாகக் கும்பிட்ட கோபுரத்தில் கைகளை மட்டும் பார்த்த அன்று, வேறொரு கோயிலுக்கு வந்துவிட்டேனோ என்று எனக்குத் தோன்றியது.

போனைக் கடைசிவரை பையிலேயே வையுங்கள். அருங்காட்சியகத்தில் படம் எடுத்தவர்கள் அந்தப் பொருட்களைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள் என்று உளவியல் ஆய்வாளர் லின்டா ஹென்கெல் 2014இல் கண்டார். ஆனால் ஒரு பகுதியை மட்டும் கிட்டவாக்கி எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. எடுத்தே ஆகவேண்டும் என்றால் ஒரு கையை, ஒரு முகத்தை எடுங்கள்.

கூட ஒருவர் வந்தால் இன்னும் நல்லது. ஆளுக்கொரு கேள்வியோடு தனித்தனியே பார்த்துவிட்டு, நல்லூரடியில் ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டே கண்டதைக் கதையுங்கள். அவர் சொல்கிற ஏதோ ஒன்று உங்கள் கண்ணில் படவே இல்லை என்று தெரியவரும். சரி, கோபுரம் பக்கத்தில்தானே, எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.