பழைய கணினியின் பவர் சப்ளை: சுவிட்சைப் போடுமுன்

1980களின் கணினி ஒன்று அலுமாரி மேலிருந்து இறங்கியதும் வீட்டில் எல்லோருக்கும் வரும் முதல் யோசனை, "ஒருக்கால் போட்டுப் பார்ப்பம்" என்பதுதான். தயவுசெய்து போடாதீர்கள். சுவர்க் கறண்டைக் கணினிக்கு ஏற்ற சிறிய வோல்ட்டாக மாற்றித் தரும் பவர் சப்ளையைத் திருத்தலாம், மாற்றலாம். அது தவறான வோல்ட்டை அனுப்பிச் சாகடிக்கும் சிப்புகளுக்குப் பல நேரம் மாற்றே கிடைக்காது.

பெட்டியின் பின்பக்கம் 115/230 என்று ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கிறதா, பாருங்கள். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் அனுப்பியதென்றால் அது பெரும்பாலும் 115இல் நிற்கும். அந்த நிலையில் உள்ளே வோல்ட்டை இரட்டிப்பாக்கும் சுற்று இயங்கும். நம் கொழும்புக் கறண்டைக் கொடுத்தால், சுமார் 325 வோல்ட் நிற்க வேண்டிய இடத்தில் 650 ஏறப் பார்க்கும். மின்னைச் சேர்த்து வைக்கும், ஆளுக்கு 200 வோல்ட் தாங்கும் இரண்டு பெரிய கப்பாசிட்டர்கள் வெடித்துவிடும். சுவிட்சே இல்லாத 110 வோல்ட் பெட்டிக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபோமர் கட்டாயம்.

அப்புறம், மெயின்ஸில் வரும் மின் இரைச்சலை வடிகட்டும் ரிஃபா கம்பெனிக் கப்பாசிட்டர். மஞ்சள் நிறக் கண்ணாடி போன்ற உறை, உள்ளே காகிதம். உறையில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் காகிதம் ஈரத்தை உறிஞ்சும். கடற்கரை ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்? கணினி சில நிமிடம் நன்றாக ஓடும், பிறகு நாற்றத்தோடு புகை கிளம்பும். வெடிப்பு தெரிகிறதோ இல்லையோ, கழற்றிவிடுங்கள். உறையில் எழுதியிருக்கும் அதே மதிப்பில், மெயின்ஸுக்கென்றே செய்த எக்ஸ்2 வகை கப்பாசிட்டர் என்று கேட்டு வாங்குங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடிப் பாருங்கள், ஆனால் சாதாரண கப்பாசிட்டரை "இதுவும் சரிதான்" என்று தந்தால் வாங்காதீர்கள். அது நேரே மெயின்ஸில் நிற்கும் பாகம்.

ஃபியூஸ் எரிந்திருந்தால் பெரிய ஃபியூஸோ கம்பியோ போடக்கூடாது. பெரும்பாலும் டயோட்டோ டிரான்சிஸ்டரோ ஷோர்ட் ஆகியிருக்கும். திருத்தியபின், 100 வாட் பழைய குண்டு பல்பைத் தொடராகக் கட்டி முதல் தடவை கறண்ட் கொடுங்கள். பல்ப் ஒரு கணம் மின்னி மங்கினால் சரி, பிரகாசமாகவே எரிந்தால் ஷோர்ட் இன்னும் இருக்கிறது. பிளக்கைக் கழற்றியபின்னும் பெரிய கப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவு மின்னிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் தட்டாமல், தகுந்த ரெசிஸ்டர் வைத்து இறக்கி மீட்டரில் உறுதிசெய்யுங்கள்.

சுமையே (மின்னை இழுக்கும் பாகம்) இல்லாமல் சோதித்து "செத்துப்போச்சு" என்று முடிவு கட்டுவதும் வழக்கம். பல பழைய சப்ளைகள் சுமை இல்லாவிட்டால் கிளம்பாது. 5 வோல்ட் லைனில் ஒரு பவர் ரெசிஸ்டரைக் கட்டி அளந்து பாருங்கள். 4.75க்கும் 5.25க்கும் நடுவில் நிலையாக நின்றால் மட்டும் போர்டில் செருகுங்கள். கொமடோர் 64 என்ற வீட்டுக் கணினி கூட வந்த, திறக்க முடியாதபடி அடைத்த பவர் சப்ளைப் பெட்டியைத் திருத்தவே வேண்டாம், புதிதாக ஒன்று வாங்குங்கள். அதில் வோல்ட்டை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் பழுதானால் 5 வோல்ட் மேலே ஏறி மெமரி சிப்புகளை எரித்துவிடும்.