அல்கொன்குவின் ஏரிகளுக்குக் குடும்பத்தோடு போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் அல்கொன்குவின் மாகாணப் பூங்கா, ரொறன்ரோவிலிருந்து மூன்று மணி நேர ஓட்டம். 1893இல் உருவான பூங்கா, 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல் காடு, இரண்டாயிரத்துக்கும் அதிகமான ஏரிகள். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கமிருந்து எங்கள் தமிழ் ஆட்கள் கோடை தவறாமல் அல்கொன்குவினுக்குப் போகிறார்கள். திரும்பி வந்து "இனி அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்க மாட்டோம்" என்று சொன்ன குடும்பங்களையும் எனக்குத் தெரியும். அவர்களிடம் கதை கேட்டால், விட்ட பிழைகளில் பாதி வீட்டு வாசலைத் தாண்டும் முன்பே நடந்தவை.

முதலாவது, இடம் பதிவது. மாகாணப் பூங்காக்களை நடத்தும் ஒன்ராறியோ பார்க்ஸின் முகாம் இடங்களை, நீங்கள் போய்ச் சேரும் நாளுக்கு ஐந்து மாதம் முன்பிருந்து பதியலாம். ஜூலை நடுப்பகுதியில் போக விரும்பினால் பெப்ரவரியில், பனி கொட்டும் காலை ஏழு மணிக்குக் கணினி முன்னால் இருக்க வேண்டும். ஜூன் மாதம் ஒரு பிறந்தநாள் வீட்டில் பேச்சு எழுந்து, "சரி, அடுத்த மாதம் எல்லோரும் போவோம்" என்றால் கிடைப்பது கழிப்பறைக்குப் பக்கத்து இடமோ தெருவோரத்து இடமோதான். நல்ல இடங்கள் போய்விட்டிருக்கும். பதியும் போது வரைபடத்தை மட்டும் பார்க்காமல் அந்த இடத்தின் படத்தையும் பாருங்கள். நிழல் உண்டா, தரை சரிவா, ஏரிக்கு எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அதில் தெரியும். அம்மம்மாவைக் கூட்டிப் போவதென்றால் குளியலறை வசதியுள்ள கட்டிடத்துக்கு நடந்துபோகும் தூரம்தான் ஏரிக் காட்சியைவிட முக்கியம். இரவு இரண்டு மணிக்கு ரோர்ச் வெளிச்சத்தில் வேர்களைத் தாண்டி நடக்கப்போவது அவர்.

ஒரு இடத்தில் ஆறு பேர்தான் தங்கலாம். பெற்றோர், பிள்ளைகள், பேரன் பேத்தி என்று ஒரே குடும்பமானால் விலக்கு உண்டு. மாமா குடும்பமும் சிநேகிதர் குடும்பமும் அந்த விலக்குக்குள் வரமாட்டார்கள். அனுமதிச் சீட்டில் ஒரு வாகனம்தான் அடங்கும். மற்றவற்றுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். பத்துப் பதினைந்து பேர் போவதென்றால் அடுத்தடுத்து இரண்டு மூன்று இடங்களாகப் பதியுங்கள், அல்லது குழுக்களுக்கென்றே உள்ள இடத்தை எடுங்கள். இரவோடிரவாக ஆட்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துப் போனவர்களைக் காவலர்கள் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

மே மாத விக்டோரியா நாள் நீண்ட வார இறுதிக்குச் சிறு பிள்ளைகளோடு போகாதீர்கள். மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் கடைசி வரை கறுப்பு ஈக்களின் காலம். அவை ஓடும் நீரில் பெருகுகின்றன, காதுக்குப் பின்னாலும் தலைமுடி ஓரத்திலும் கடித்து இரத்தம் கசிய வைக்கின்றன. அவை குறையும்போது நுளம்பு வந்து சேரும். ஆகஸ்ட் கடைசிப் பகுதிதான் குடும்பத்துக்குத் தோதான நேரம். வெளிர் நிற நீளக்கை உடுப்பு எந்த மாதத்திலும் வேண்டும். ஈக்கள் கருநிறத்தைத்தான் தேடி வரும்.

வேலை முடிந்து வெள்ளி மாலை புறப்படுவது இன்னொரு பிழை. 400ஆம் நெடுஞ்சாலையில் பரி நகர் வரைக்கும் நெரிசலில் ஊர்ந்து, ஹன்ட்ஸ்வில் தாண்டி 60ஆம் நெடுஞ்சாலையில் ஏறும்போது இருட்டிவிடும். பனிக்காலத்தில் வீதியில் தூவிய உப்பு ஓரத்துக் குழிகளில் தேங்கி நிற்க, அதைக் குடிக்க மூஸ் மான்கள் வரும், வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் கூடுதலாக. கரும் பழுப்பு உடம்பு, உயர்ந்த கால்கள். கண் மட்டம் உயரமாக இருப்பதால் கார் வெளிச்சம் பட்டு மினுங்காமலே போகலாம். கிட்டப் போகும்வரை தெரியாது. சனி விடிய எழும்பிப் போங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஆட்டிறைச்சிக் கறி, பொரித்த மீன், பருப்பு எல்லாம் சட்டியோடு கொண்டுபோவது எங்கள் வழக்கம், அதில் தவறே இல்லை. கரடிக்கு அந்த வாசனை வெகு தூரத்திலிருந்தே எட்டும். இரவு படுக்கும் முன் மேசையில் எதுவுமே இருக்கக் கூடாது. குளிர்பெட்டி, எண்ணெய்ப் போத்தல், பாத்திரம் தேய்க்கும் சோப், பற்பசை, குழந்தையின் பால்மா, குப்பைப் பை எல்லாம் காருக்குள், கண்ணாடி ஏற்றி, பூட்டி. கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட் பக்கற்றும் வேண்டாம். சோறு வடித்த கஞ்சியையும் மிஞ்சிய குழம்பையும் மரத்தடியில் ஊற்றுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நீங்கள் போன பிறகு அந்த இடத்துக்கு வரும் குடும்பம்தான் அதன் விலையைக் கொடுக்கும். மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய கரடி மீண்டும் மீண்டும் வரும். கடைசியில் அதைச் சுட்டுக் கொல்லவும் நேரிடுகிறது.

ஆர்.வி. எனும் படுக்கையும் சமையலறையும் உள்ள வாகனத்தை வாடகைக்கு எடுப்பவர்கள் அதை வீடு என்று நம்பிப் போகிறார்கள். மின்சாரத்தில்தான் அந்த நம்பிக்கை முதலில் உடையும். 30 அம்பியர் இணைப்பு என்றால் 120 வோல்ற்றில் மொத்தம் 3,600 வாற்ஸ். ஏ.சி. ஏறத்தாழ 1,500 எடுக்கும், கேத்தல் இன்னொரு 1,500. றைஸ் குக்கரையும் போட்டால் முடிந்தது, பிரேக்கர் விழும். நாங்கள் முதல் தடவை போனபோது காலை ஏழு மணிக்கு அம்மா தேத்தண்ணிக்குக் கேத்தலைப் போட, உள்ளே சோறு வேக, பிள்ளைகள் ஏ.சி.யைத் தட்ட, எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தது. அதன் பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம்: தேத்தண்ணித் தண்ணீர் எரிவாயு அடுப்பில், குக்கர் போடும்போது ஏ.சி. நிறுத்தம்.

தண்ணீரும் அப்படித்தான். ஒவ்வொரு இடத்திலும் குழாய் பொருத்தலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம். வரும்போது தாங்கியை நிரப்பி, போகும்போது கழிவகற்றும் நிலையத்தில் காலி செய்ய வேண்டும். எட்டுப் பேரின் சாப்பாட்டுக் கோப்பைகளைக் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் இரண்டாம் நாளே கழிவுத் தாங்கி நிரம்பும். எண்ணெயைக் கடதாசியால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, வாளித் தண்ணீரில் கழுவுங்கள்.

விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகாமல் அங்கேயே வாங்குங்கள். 2002இல் வின்ட்சர் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட மரகத ஆஷ் துளைப்பான் வண்டு விறகோடு விறகாகப் பயணித்துத்தான் புதுப்புது ஊர்களுக்குப் போனது. ரொறன்ரோத் தெருக்களில் ஆஷ் மரங்கள் செத்து வெட்டப்பட்டதைப் பார்த்திருப்பீர்கள். அப்புறம், ஆகஸ்டிலும் சில இரவுகள் 10 பாகைக்குக் கீழே இறங்கும். குளிர்கிறதென்று கரியடுப்பைக் கூடாரத்துக்குள் எடுத்து வைக்கவே கூடாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. நித்திரையிலேயே உயிரை எடுத்துவிடும்.

இனி ஏரி. மற்றப் பிழைகளைத் திருத்திக்கொள்ளலாம், இங்கே திருத்த முடியாது. ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களின் ஏரிக்கரைகளில் உயிர்காப்பாளர் கிடையாது. அல்கொன்குவினில் பல ஏரிகளின் தண்ணீர் பால் விடாத தேத்தண்ணி நிறம். இலையும் சதுப்பும் ஊறி வந்த நிறம் அது. அழுக்கில்லை. ஆனால் இடுப்பளவு தண்ணீரில் நின்று கீழே பார்த்தால் உங்கள் பாதமே மங்கலாகத் தெரியும். ஒரு பிள்ளை மூழ்கினால் மேலிருந்து காண்பது கடினம். மூழ்குபவர் பெரும்பாலும் கத்துவதும் இல்லை, கை வீசுவதும் இல்லை. காற்றடைத்த வளையங்களை நம்பாதீர்கள். கரையிலிருந்து வீசும் காற்று அவற்றைப் பிள்ளையோடு நடு ஏரிக்குத் தள்ளிவிடும். மேயிலும் ஜூன் தொடக்கத்திலும் தண்ணீர் இன்னும் பனி உருகின குளிர். குதித்தவுடன் மூச்சுத் திணறும், நன்றாக நீந்துபவருக்கும்.

தோணியில் ஏறும் ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும் என்பது கனடாச் சட்டம். நீந்தத் தெரியாத பெரியவர்கள் கரையோரத்திலும் போடுங்கள். ஊரில் கடலுக்குப் பக்கத்தில் வளர்ந்தும் நீச்சல் பழகாதவர்கள் எங்களில் நிறையப் பேர். அதைச் சொல்ல வெட்கப்படுவதால் அங்கி கேட்காமல் இருந்துவிடுகிறார்கள். பல பூங்காக்களில் அங்கியை இரவலாகவே தருவார்கள்.

பத்துப் பெரியவர்கள் கரையில் இருந்தால் பத்துப் பேரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைப்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு மஞ்சள் தொப்பி வைத்திருக்கிறோம். தொப்பி போட்டவர்தான் காவல். கைபேசி கையில் இருக்காது, பேச்சுக்கும் திரும்ப மாட்டார், அரை மணிக்கொருமுறை ஆள் மாறும். போன ஆகஸ்டில் லேக் ஒஃப் டூ றிவர்ஸ் கரையில் சித்தப்பா தேத்தண்ணி குடிக்க எழும்பினார். இரண்டடி வைத்தவர் நின்று, திரும்பி வந்து, தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்து, "நாலு பிள்ளைகள் தண்ணிக்குள்ள, எண்ணிப் பார்" என்றார். எண்ணினேன். நாலு. அதற்குப் பிறகுதான் போனார்.