ஐரோப்பாவில் ரயிலில் ஊர் ஊராக: திட்டம் போடும்போதே நடக்கும் தவறுகள்

14 நாள் லீவு. பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், சூரிச், இன்டர்லாக்கன், மிலான், வெனிஸ், புளோரன்ஸ், ரோம். முதல் தடவை ஐரோப்பா போகும் குடும்பங்கள் எழுதி வைக்கும் பட்டியல் அநேகமாக இப்படித்தான் இருக்கும். மேப்பில் எல்லாம் பக்கம் பக்கமாகத் தெரியும். ரயில் வேகமும் அதிகம். இவ்வளவு செலவு செய்து போகிறோம், ஒன்றையும் விடக் கூடாது என்ற ஆசையில் தப்பே இல்லை. ஆனால் இந்தப் பட்டியலோடு போனால் ஊர்களை விட ஸ்டேஷன்களைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

முதல் தவறு, டைம்டேபிளில் போட்டிருக்கும் நேரத்தையே பயண நேரமாக எடுத்துக்கொள்வது. பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு யூரோஸ்டார் வேக ரயிலில் சுமார் 3 மணி 20 நிமிடம். ‘காலையில் கிளம்பினால் மதியம் சுற்றிப் பார்க்கலாம்’ என்று தோன்றும். நடப்பது வேறு. 10 மணிக்கு அறையைக் காலி செய்கிறீர்கள். பாரிஸ் மெட்ரோவில் பல ஸ்டேஷன்களில் லிஃப்ட் கிடையாது. வயதான அம்மாவையும் பெரிய பெட்டிகளையும் படியில் ஏற்றி இறக்கி கார் து நோர் ஸ்டேஷன் போய்ச் சேர 11 மணி தாண்டிவிடும். 12 மணி வாக்கில் ரயில். மூன்றரை மணிக்கு ஆம்ஸ்டர்டாமில் இறங்கி, டிராம் பிடித்து, ஹோட்டலில் சாவி வாங்கி முகம் கழுவும்போது மணி ஐந்தை நெருங்கியிருக்கும். ரைக்ஸ் அருங்காட்சியகம் 5 மணிக்கு மூடிவிடுகிறது. அதாவது, மூன்றேகால் மணி நேர ரயில் ஒரு முழுப் பகலை எடுத்துக்கொண்டது.

அதனால் நாளை எண்ணாதீர்கள், இரவை எண்ணுங்கள். ஓர் ஊரில் 2 இரவு தங்கினால் கையில் கிடைப்பது உருப்படியான ஒரே ஒரு பகல். 1 இரவு என்றால் ஒன்றுமே இல்லை. பாரிஸ், ரோம் மாதிரி பெரிய ஊர்களுக்கு 4 இரவாவது வேண்டும். முதல் ஊருக்கு இன்னும் தாராளமாக விடலாம், விமானக் களைப்பு இருக்கும்.

13 இரவுதான் கையில் இருக்கிறது என்றால் என் கணக்கு இது: பாரிஸ் 4, சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன் 3, இத்தாலியில் வெனிஸ் 2, ரோம் 4. ஆம்ஸ்டர்டாமை விட்டுவிடுங்கள். அது பாரிஸுக்கு வடக்கே இருக்கிறது, நீங்கள் போக வேண்டியதோ தெற்கே. போய்த் திரும்பி சுவிட்சர்லாந்து வருவதற்கே இன்னொரு முழுப் பகல் போய்விடும். புளோரன்ஸை விட மனசு வரவில்லையா? ரோமிலிருந்து வேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். பெட்டியை அறையிலேயே வைத்துவிட்டுக் காலையில் போய் ராத்திரி திரும்பிவிடலாம். ஹோட்டல் மாற்றாமல் இன்னொரு ஊரைப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

இதே இரவுக் கணக்குதான் விசாவுக்கும் வேண்டும். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவை எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். மேலே சொன்ன திட்டத்தில் விமானம் இறங்குவது பாரிஸில் என்றாலும் விண்ணப்பம் இத்தாலிக்குத்தான். தங்கும் நாட்கள் சமமாக இருந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாடு. லண்டனையும் சேர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. தனி விசா வேண்டும். திரும்பவும் பாரிஸ் வருவதாக இருந்தால் ஷெங்கன் விசா ஒருமுறை நுழைவுக்கு மட்டும் இருக்கக் கூடாது. லண்டன் ரயிலில் ஏறும் முன்பே பாஸ்போர்ட் சோதனை இருப்பதால் ஒரு மணி நேரத்துக்கு முன்னாலேயே ஸ்டேஷனில் இருக்க வேண்டும்.

போன ஊருக்கே திரும்பி வந்து விமானம் ஏறுவதும் வீண் அலைச்சல். பாரிஸில் இறங்கி ரோமில் ஏறும்படி ஒரே டிக்கெட்டாக எடுக்கலாம். விலை பெரும்பாலும் பெரிதாக மாறாது.

அப்புறம் யூரெயில் பாஸ். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கான இந்தப் பாஸை வாங்கிவிட்டால் எந்த ரயிலிலும் ஏறி உட்காரலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியாவுக்குள் அது பெரும்பாலும் உண்மை. பிரான்சின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா, யூரோஸ்டார் ஆகிய வேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் சீட்டுக்குத் தனியாகக் காசு கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். சில ரயில்களில் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் இடங்களும் கொஞ்சம்தான். மொத்தமே நான்கைந்து நீண்ட பயணம் என்றால், சில மாதங்களுக்கு முன்பே தனித்தனி டிக்கெட் எடுப்பது பல நேரம் மலிவாக முடியும். வேக ரயில்களில் விமானம் போலவே நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். புளோரன்ஸிலிருந்து பைசா நகரம் போகிற மாதிரி சாதாரண உள்ளூர் ரயில்களில் விலை மாறாது, அன்றைக்கே எடுத்துக்கொள்ளலாம்.

மலிவு டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும் என்பதையும் கவனியுங்கள். ஆப் காட்டும் 8 நிமிட ரயில் மாறுதலை நம்பித் தனித்தனியாக டிக்கெட் எடுத்து, முதல் ரயில் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டின் காசு போனதுதான். ஜெர்மனியின் ரயில்கள் கடிகாரம் மாதிரி ஓடும் என்ற நம்பிக்கை இன்னும் நம்மிடம் இருக்கிறது. 2024இல் அங்கே நீண்ட தூர ரயில்களில் சுமார் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. 6 நிமிடத்துக்குள் இருந்தால் அது தாமதமே இல்லை என்று வைத்துக்கொண்ட கணக்கு அது! மொத்தப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள், முடியாவிட்டால் நடுவில் ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

ஸ்டேஷன் பெயரை முழுசாகப் படிக்காமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. சென்ட்ரலில் இறங்கி எழும்பூரில் ஏறுவது போலத்தான் பாரிஸும். ஆம்ஸ்டர்டாம் ரயில் கார் து நோரிலிருந்து, சுவிட்சர்லாந்து ரயில் கார் து லியோனிலிருந்து. வெனிஸுக்கு இரண்டு ஸ்டேஷன்: மெஸ்த்ரே கரையிலேயே நின்றுவிடும், கால்வாய்களைப் பார்க்க சாந்தா லூச்சியா வரை போக வேண்டும்.

பிளாட்பாரத்தில் இன்னொரு விஷயம். இரண்டு டிஜிவி ரயில்களை ஒன்றாகக் கோத்து ஓட்டுவது சகஜம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உள்ளே நடந்து போக வழி கிடையாது, நடுவழியில் பிரிந்து வேறு வேறு ஊருக்குப் போவதும் உண்டு. ‘எப்படியாவது ஏறிவிடு, உள்ளே நடந்து போய்க்கொள்ளலாம்’ என்ற நம்ம ஊர்ப் பழக்கம் அங்கே எடுபடாது. ரயில் எண்ணையும் பெட்டி எண்ணையும் பார்த்துத்தான் ஏற வேண்டும். கிளம்புவதற்கு 2 நிமிடம் முன்பே கதவு மூடிவிடும்.

ஊருக்கு ஊர் விடுமுறை நாளும் வேறு. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை கிடையாது. வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். எந்த ஊரில் எந்தக் கிழமை இருப்பீர்கள் என்று பார்த்த பிறகே ரயில் டிக்கெட்டைப் போடுங்கள்.

கடைசி இரவு கண்டிப்பாக விமானம் ஏறும் ஊரில் இருக்க வேண்டும். வெனிஸிலிருந்து ரோம் 4 மணி நேரம்தானே என்று அன்றைக்கே கிளம்பி விமானம் பிடிக்க நினைக்காதீர்கள். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அபூர்வம் இல்லை. ரோமில் தூங்கி எழுந்தால் தெர்மினி ஸ்டேஷனிலிருந்து ஃபியூமிச்சினோ விமான நிலையம் 32 நிமிடம், ரயில் ஓடாவிட்டாலும் ஒரு டாக்ஸி போதும்.